சென்னியைத் தொட்ட கை

மூச்சை வாயால இழுக்கணும், மூக்கு இருக்கறதையே மறந்துரணும். இழு, விடு. இழு, விடு. குழாய்க்குள்ள என் மூச்சு எனக்கே பெருசாக் கேக்குது, ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல யாரோ படுத்து மூச்சு வாங்கற மாதிரி. வாய் நெறைய ரப்பர் ருசி. பூமத்திய ரேகை மேலயே இருக்கற கலாபகோஸ் தீவு, வெயில் மண்டையப் பொளக்கும்னு நெனச்சுட்டு வந்தா, ஜூலை மாசத்துல இந்தக் கடலு ஜில்லுன்னு கழுத்து வழியா, கணுக்கால் வரைக்கும் மூடற ரப்பர் சட்டைக்குள்ள இறங்குது. கீழ எங்க பாத்தாலும் கறுப்புப் பாறை. எப்பவோ எரிமலை கக்குன குழம்பு வழிஞ்சு வந்து கடலுக்குள்ளயே உறைஞ்சு போச்சாம். பாறை மேல பச்சைப் பாசி, பாசியக் கடிச்சுக் கடிச்சு இழுக்கற ஆமை. என்னைப் பத்தி அதுக்கு ஒரு அக்கறையும் இல்ல. என் இடது கையை ஒரு கை பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னா சும்மா இல்ல, மோதிரம் எலும்புல அழுந்தற அளவுக்கு நசுக்குது. அது என் வீட்டுக்காரரு நல்லசிவத்தோட வலது கை. அவரோட இடது கை ஒரு ஆரஞ்சு வளையத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கு. வளையத்தோட கயித்தை வழிகாட்டிப் பொண்ணு ஹிமெனா இழுத்துட்டு முன்னால நீந்திட்டுப் போறா. மொதல்ல அவ, அப்புறம் வளையம், வளையத்துல அவரு, அவரு கையில நான். இந்தக் கையை முப்பத்தஞ்சு வருசமா நான் பிடிச்சிருக்கேன். ஒரு மணி நேரத்துக்கு முந்தி வரைக்கும் இது யாரைத் தொட்ட கைன்னு எனக்குத் தெரியும். இப்பத் தெரியல.

ஒரு மணி நேரத்துக்கு முந்தி நான் படகோட பின்தட்டுல ஒத்தைக் காலு ரப்பர் சட்டைக்குள்ள, ஒத்தைக் காலு வெளியன்னு நின்னுட்டிருந்தேன். இந்தச் சட்டைய மாட்டறதுக்குள்ள மனுசிக்கு உசுரு போய் உசுரு வருது. ஹிமெனா கையில அட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, எவ்வளவு தூரம் நீந்துவீங்க, மூச்சு வாங்குமா, மாத்திரை எதுனா சாப்பிடறீங்களான்னு விசாரிச்சுட்டு வந்தா. அவரு மொதல்லயே போய்ப் பேசி முடிச்சுட்டு, காலுக்குத் துடுப்பு அளவு பாக்கப் போயிட்டாரு. எங்கிட்ட வந்தப்ப என் வாயி சும்மா இருந்துச்சா? பவானில முப்பது வருசமா மெடிக்கல் ஷாப்புல நின்னு நின்னு, கேட்டதுக்கு ஒண்ணு கேக்காததுக்கு நாலுன்னு சொல்லியே பழகிப்போச்சு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல அவருக்காக நான் பேசுனேன். எங்க வீட்டுக்காரரு பிரமாதமா நீந்துவாரும்மா, காவேரில வெள்ளத்துல குதிச்சவரு, என் தம்பிய ஆத்துத் தண்ணி அடிச்சுட்டுப் போனப்ப அவனைத் தேடி மூணு தடவை முங்கினவரு, அதுலேர்ந்துதான் தண்ணின்னா ஒதுங்கிருவாரு, பயம் மனசுக்குத்தான், உடம்புக்கு இல்ல, நீ கொஞ்சம் தைரியம் சொல்லு போதும்னு. அவ அட்டையைப் பாத்தா. என்னைப் பாத்தா. அப்புறம் என் தோளைத் தொட்டு மெதுவாச் சொன்னா: "மேடம், உங்க கணவர் எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. வாழ்க்கையில ஒரு தடவை கூட நீந்தினதில்லையாம். தலை முங்கினதே இல்லையாம். இடுப்புக்கு மேல தண்ணில நின்னதே இல்லைன்னாரு. உயிர் விஷயம்கறதால நான் மூணு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். மூணு தடவையும் அதேதான் சொன்னாரு. பெருமைக்காக உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரு, ஆம்பளைங்க அப்படித்தானே. வளையம் தரேன், ஒண்ணும் ஆகாது. ஆனா யார்கிட்டயும் அவரு நல்லா நீந்துவாருன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆபத்து." சொல்லிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அட கெரகமே, நானும் அவகூடச் சேர்ந்து சிரிச்சேனே. அதுக்குள்ள ரப்பர் படகு வந்து நின்னுருச்சு, எல்லாரும் ஏறிட்டாங்க, அவரு அதுக்குள்ளருந்து கையை நீட்டி "வா கோதை, நீ என் பக்கத்துலயே இருந்துக்கோ"ன்னாரு. நான் மறு காலையும் சட்டைக்குள்ள விட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, அந்தக் கையைப் பிடிச்சு ஏறுனேன்.

இழு, விடு. பெருமைக்காகவாம். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும். எங்க சென்னி, சென்னியப்பன், என் ஒரே தம்பி, இருவது வயசு. ஆடி பதினெட்டு முடிஞ்சு நாலாம் நாளு. மேட்டூர்ல தண்ணி தொறந்து விட்டு ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போன நேரம். குளிக்கப் போறேன்னு போனான். கூடப் போனது இவரு. அப்ப இவரு சென்னி படிச்ச பாலிடெக்னிக்ல லேப்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு, எங்க தெருவுலயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தாரு, சென்னிதான் "சார் சார்"னு சொல்லி வீட்டுக்குக் கூட்டியாந்து பழக்கினான். சாயங்காலம் தனியாத் திரும்பி வந்தாரு. ஈரத்தோட வந்தாரு. அவரு சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிப்பேன்: சட்டையைக் கூடக் கழட்டாமக் குதிச்சேன், மொதல் முழுக்குல ஒண்ணும் தெரியல, ரெண்டாவது முழுக்குலயும் இல்ல, மூணாவது முழுக்குல கை சிக்குச்சு, ஒரு தடவை இறுக்கிப் பிடிச்சான், அப்புறம் நழுவிருச்சு. மறுநாள் கீழ அணைக்கட்டுப் பக்கம் சென்னி கெடைச்சான். அம்மா அவன் மூஞ்சியப் பாக்கல, பாக்க விடல. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கை ஒண்ணுதான். எம்புள்ள தனியாப் போகல, போறப்ப ஒரு கை பிடிச்சுது, அதை அவன் திருப்பிப் பிடிச்சான். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவ சோறு தின்னா. ஒவ்வொரு வருசமும் அவன் நாளு வந்தா, படையல் போட்டு, காக்காய்க்கு வெச்சு முடிச்சதும், அம்மா இவரை எதுத்தாப்பல உக்கார வெச்சு, இவரு வலது கையை ரெண்டு கையாலயும் வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவா. ஒத்திக்கிட்டு, "சொல்லுங்க சாமி"ம்பா. இவரும் சொல்லுவாரு. முப்பத்தாறு வருசம். இப்ப அவளுக்கு எண்பத்தி நாலு. கண்ணு சுத்தமாப் போயிருச்சு. அப்பவும் ஆடி வந்துட்டா அந்தக் கைக்குத்தான் காத்துக்கிட்டிருப்பா. நாங்க கெளம்பறப்ப கூட என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாப்பிள்ளையைத் தண்ணில எறக்கிப் போடாத கண்ணு, பழசெல்லாம் நெனப்பு வந்துரும், பாவம்"ன்னா.

பொறு. அவசரப்படாத. அவரு அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லியிருக்கலாம் இல்ல? நீந்தத் தெரியும்னு சொன்னா ஆழத்துல எறக்கிவிட்டுருவாங்க, தெரியாதுன்னு சொன்னா வளையம் கெடைக்கும், அதுக்காகச் சொல்லியிருக்கலாம். இருக்கும். அவரு அப்படி யோசிக்கற ஆளுதான், எதுலயும் ஒரு முன்ஜாக்கிரதை. தலையத் திருப்பி மாஸ்க் வழியா அவரைப் பாக்கறேன். தண்ணிக்கடியில அவரு உடம்பு முழுசாத் தெரியுது. காலைப் பாக்கறேன். காலு சைக்கிள் மிதிக்குது. ஒரு காலு முன்னால, ஒரு காலு பின்னால, முட்டி மடங்கி மடங்கி, துடுப்பு சும்மா தண்ணியக் கலக்குது, ஒரு அடி நகரல. நான் அம்பத்திரெண்டு வயசுல ஈரோட்டுல ஒரு நீச்சல் குளத்துல, பொடிசுங்களோட போய் நின்னு கத்துக்கிட்டவ. மொதல் நாள் என் காலு இப்படித்தான் மிதிச்சுது. சொல்லிக் கொடுத்த பொண்ணு சொன்னா, ஆன்ட்டி, காலைப் பாத்தாத் தெரிஞ்சுரும், ஒரு தடவை உடம்பு கத்துக்கிச்சுன்னா மனசே மறந்தாலும் காலு மறக்காதுன்னு. இந்தக் காலு மறந்த காலு இல்ல. இது கத்துக்கவே கத்துக்காத காலு. வெள்ளத்துல மூணு முழுக்குப் போட்ட காலாம். கடல் சிங்கக் குட்டி ஒண்ணு எங்கிருந்தோ வந்து அவரு துடுப்பைச் சுத்திச் சுத்தி வேடிக்கை பாத்துட்டு, கண்ணைப் பெருசா முழிச்சு என் மூஞ்சிக்கு நேரா வந்து குமிழி விட்டுட்டுப் போகுது. அதுக்குக் கூடச் சிரிப்பா இருக்கு. ரெண்டு மீட்டருக்குள்ள நாம போகக் கூடாதாம், அதுங்க வரலாமாம். எதையும் தொடக் கூடாது, ஒரு கல்லை எடுத்துட்டுப் போகக் கூடாது, ஒரு சிப்பியக் கூட. அப்ப நான் இந்தத் தீவுலேர்ந்து எடுத்துட்டுப் போகப் போறது என்னங்கம்மா?

எத்தனை பாவப்பட்டோம் இந்த மனுசனுக்காக. ஆடிப்பெருக்குக்கு ஊரே கூடுதுறைல முங்கும், மாப்பிள்ளை கரைக்கே வர மாட்டாரு, கார்ல உக்காந்திருப்பாரு, பாவம், அவரைக் கூப்பிடாதீங்கன்னு அம்மா எல்லாரையும் அதட்டுவா. கொடுமுடில கோயிலுக்குப் போனா இவருக்கு மட்டும் வாளில மோண்டு எடுத்துட்டு வந்து சொம்பால ஊத்துவேன், நானே ஊத்துவேன். கன்னியாகுமரில மக தாரணி சின்னப் புள்ள, அப்பா வா அலைல நிக்கலாம்னு கையப் பிடிச்சு இழுத்தா. பளார்னு ஒண்ணு வெச்சேன் புள்ளைய. அப்பாவைத் தண்ணிக்குக் கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? அந்த அறைய இப்ப நான் யாருக்குத் திருப்பிக் கொடுக்கறது? போன வருசம் ரிட்டையர் ஆனாரு. டெக்சாஸ்லருந்து தாரணி, ரெண்டு பேரும் எங்கயாச்சும் போய்ட்டு வாங்கம்மா, நான் டிக்கெட் போடறேன்னா. நான்தான் இந்த ஊரைச் சொன்னேன். நான்தான் ஆறு மாசம் கெஞ்சினேன், ஏனுங்க, சாகறதுக்குள்ள ஒருக்கா தண்ணில எறங்கிருங்க, அந்தப் பாரத்தை அங்கயே விட்டுட்டு வந்துரலாம், சென்னிக்காக எறங்குங்கன்னு. ரொம்ப நாள் கழிச்சு சரின்னாரு. சரின்னு சொன்ன அன்னிக்கு நான் பூஜை ரூம்ல போய் அழுதேன், துக்கம் வடியுதுன்னு. துக்கமாம், துக்கம். நேத்து ஒரு பாறையில நீர்க்காக்கா பாத்தோம். இந்தத் தீவுல மட்டும்தான் இருக்கற சாதி, பறக்கவே வராது, ரெக்கை ஒரு சாண்தான். ஆனாலும் தண்ணியவிட்டு ஏறுனதும் அந்தக் குட்டை ரெக்கைய விரிச்சுக் காயப் போட்டுக்கிட்டு நிக்குது. இவருதான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாரு கோதை, பறக்கத் தெரியாது, ஆனா பந்தாவைப் பாரு"ன்னு நாப்பது போட்டோ எடுத்தாரு.

கை மரத்துப் போச்சு. கொஞ்சம் தளத்துங்கன்னு சொல்லணும், ஆனா வாயில குழாய் இருக்கு. இந்தக் குழாய் இருக்கற வரைக்கும் நானும் பேச முடியாது, அவரும் பேச முடியாது. நல்லதாப் போச்சு, இல்லீன்னா நடுக்கடல்ல என் வாயில என்னென்ன வந்திருக்குமோ. காலைல பாதுகாப்பு வகுப்புல ஹிமெனா இன்னொண்ணும் சொன்னா. யாராச்சும் மூழ்கினா பக்கத்துல போய் கையைக் கொடுக்காதீங்க, வளையத்தைத் தள்ளுங்க, ஏன்னா மூழ்கறவங்க கை சிக்குனா விட மாட்டாங்க, நம்மளையும் சேர்த்து இழுத்துருவாங்கன்னு. நான் தலையாட்டிக் கேட்டுட்டிருந்தேன். ஆத்தங்கரை ஊர்லயே பொறந்து வளந்தவ, எனக்குத் தெரியாதா அது? மூழ்கறவன் விட மாட்டான். விடவே மாட்டான். அப்புறம் எப்படி சென்னி ஒரு தடவை இறுக்கிப் பிடிச்சுட்டு விட்டான்? இந்தக் கேள்விய முப்பத்தாறு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டிருந்தா? அப்புறம் அந்த வாட்ச். ஐயோ, அந்த வாட்ச். இப்பத்தான் ஞாபகம் வருது. ஞாபகம் வருதா, இல்ல எப்பவும் இருந்துச்சா? அன்னிக்கு எங்க வீட்டுக் கூடத்துல ஊர்ச் சனம் முழுக்க நிக்குது, அப்பா தூணைப் பிடிச்சுக்கிட்டு, எத்தனை மணிக்கு நடந்துச்சுப்பா, இப்ப மணி என்னன்னு கேட்டாரு. இவரு மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பாத்து, ஆறே கால்னாரு. வாட்ச் ஓடிட்டிருந்துச்சு. சாவி கொடுக்கற பழைய வாட்ச் அது. கல்யாணம் ஆன பின்னாடி அதுக்கு நான்தான் தெனமும் சாவி கொடுப்பேன். கை கழுவறப்ப ரெண்டு சொட்டுப் பட்டாலே கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சு நின்னுரும், நாலு தடவை ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனவ நான். சட்டையைக் கூடக் கழட்டாமக் குதிச்சவரு வாட்ச்சை மட்டும் கழட்டிக் கரையில வெச்சுட்டா குதிச்சாரு? எல்லாம் என் கண்ணு முன்னாடியே கெடந்திருக்கு. நான்தான் பாக்க மாட்டேன்னு நின்னிருக்கேன்.

ஈரமா இருந்தாரே, அதுக்கு என்ன சொல்ற? யோசி. ஈரம்தான். துண்டு கொடுத்தது நான். வாங்கி என்ன தொடச்சாரு? தலையத் தொடச்சாரா? இல்ல. தலை வாரின மாதிரியே இருந்துச்சு, ஒரு பக்க வகிடு. பேண்ட்டுதான் சொட்டுச்சு, வாசப்படியில தண்ணி தேங்கி நின்னுச்சு. சட்டையோட கீழ்ப்பாதி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இடுப்பு. இடுப்பு வரைக்கும். இடுப்புக்கு மேல தண்ணில நின்னதே இல்லைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னாரே, அந்த இடுப்பு. அப்ப அவரு எறங்கியிருக்காரு. நீந்தத் தெரியாத மனுசன் அந்த வெள்ளத்துல இடுப்பு வரைக்கும் எறங்கி, அதுக்கு மேல காலு வராம நின்னிருக்காரு. சென்னி போறதைப் பாத்துக்கிட்டே நின்னிருக்காரு. ஏன்யா, அதைச் சொல்லியிருக்கலாமேய்யா. எனக்கு நீந்த வராதுங்க, இடுப்பு வரைக்கும்தான் போக முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா யாரு உங்களைக் குத்தம் சொல்லியிருப்பா? நாங்க என்ன ராட்சசங்களா? அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? ஆனா பாரு, இப்ப இன்னொண்ணு வந்து முள்ளு மாதிரி மாட்டுது. அவரா வந்து சொல்லல. அம்மாதான் மொதல்ல கேட்டா. அவரு வாசல்ல நின்னுட்டிருந்தாரு, அம்மா ஓடிப் போய் அவரு ரெண்டு கையையும் பிடிச்சு, "எஞ்சாமி, குதிச்சயா, எம்புள்ள கை பட்டுச்சா, சொல்லு சாமி, கை பட்டுச்சான்னு சொல்லு"ன்னு உலுக்குனா. அவரு தலையாட்டுனாரு. அவ்வளவுதான். மூணு முழுக்கு, இறுக்கிப் பிடிச்சது, நழுவுனது எல்லாம் அப்புறம் வந்துச்சு, ஒவ்வொரு நாளா, அம்மா கேக்கக் கேக்க. இருபத்தஞ்சு வயசு ஆளு, ஒரு தாய் கைக்குள்ள மாட்டிக்கிட்டாரு. சரி, ஒத்துக்கறேன். அன்னிக்கு ஒத்துக்கறேன். அடுத்த மாசம் சொல்லியிருக்கலாம். அடுத்த வருசம் சொல்லியிருக்கலாம். என்னைக் கட்டறதுக்கு முந்தியாச்சும் சொல்லியிருக்கலாம். மெட்ராஸ்ல எம்.பார்ம் சீட்டுக் கெடைச்சிருந்துச்சு எனக்கு, பெட்டி கூடக் கட்டியாச்சு. அம்மா சொன்னா, சென்னியத் தொட்ட கை கண்ணு அது, அந்தக் கையில உன்னையப் பிடிச்சுக் கொடுத்துட்டா எனக்கு ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கற மாதிரின்னு. நான் பெட்டியப் பிரிச்சேன். வற்புறுத்தி இல்ல, மனசாரப் பிரிச்சேன். மொதல் ராத்திரி அந்தக் கையை எடுத்து என் கன்னத்துல வெச்சுக்கிட்டுத் தம்பிய நெனச்சு அழுதேன். அவரு தலையத் தடவிக் கொடுத்தாரு. நம்ப வெச்சுக் கழுத்தறுக்கறதுன்னா இதுதான், கத்தியே வேண்டாம், தடவிக் கொடுத்தாப் போதும்.

விட்டுரலாமா? வெரலைப் பிரிச்சாப் போதும். ஒரு வெரலு, ரெண்டு வெரலு. நெசமாவே பிரிச்சேன். கட்டை வெரலை மடக்கி உள்ள இழுத்தேன். சட்டுனு அவரு தலை என் பக்கம் திரும்புச்சு. மாஸ்க்குக்குள்ள கண்ணு ரெண்டும் பெருசாத் தெரியுது, ஆட்டை வண்டியில ஏத்தறப்ப முழிக்குமே அப்படி. என் கையை இன்னும் மேல, மணிக்கட்டுக்கே வந்து பிடிச்சுட்டாரு. சென்னியும் இப்படித்தான முழிச்சிருப்பான். இப்படித்தான கையைத் தேடியிருப்பான். எதுவும் கெடைச்சிருக்காது. வெறும் தண்ணி. எந்தம்பி கைக்கு வெறும் தண்ணிதான் கெடைச்சுது. இத்தனை வருசமா அவனுக்கு ஒரு கைத்துணை இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சு ஆறிப்போன புண்ணு அது, இன்னிக்கு மறுபடியும் அவன் என் கண்ணு முன்னாடி தன்னந்தனியாப் போறான். இது அவருக்குத் தெரியுமா? பொய் சொன்னதுக்குக் கூட நான் தாங்கிக்குவேன். ஒரே தம்பிய ரெண்டு தடவை சாகக் கொடுத்தவ ஆயிட்டேனே, அதை எங்க போய்ச் சொல்லுவேன். மாஸ்க்குக்குள்ள தண்ணி. கடல் தண்ணி இல்ல. உள்ளருந்து வர்றதை எப்படி வெளியேத்தறதுன்னு அந்த வகுப்புல சொல்லிக் கொடுக்கல. ஹிமெனா நின்னு திரும்பிப் பாத்து, முஷ்டிய மடக்கி உச்சந்தலையில வெச்சுக் காட்டறா. நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம். நல்லா இருந்தா நாமளும் அதே மாதிரி காட்டணும், இல்லீன்னா கையை வீசணும். அவரு வளையத்தை விட முடியாம என்னைப் பாக்கறாரு, எனக்கும் சேர்த்து நீயே சொல்லுங்கற மாதிரி. நான் முஷ்டிய மடக்கித் தலையில வெச்சுக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து, நல்லா இருக்கோம்னு.

அப்பத்தான் அந்த ஆமை மேல வந்துச்சு. மூச்சு விடறதுக்காக, அவசரமே இல்லாம, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, கை நீட்டுனாத் தொடற தூரத்துல. கழுத்துத் தோலு சுருங்கிச் சுருங்கி, கண்ணோரம் ஈரமா. அவரு அதையே பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தவரு, என்ன நெனச்சாரோ, வளையத்துலேர்ந்து கையை எடுத்துட்டாரு. என் கையையும் விட்டுட்டாரு. ரெண்டு கையும் அகலமா விரிஞ்சு, காலு மிதிக்கறதை நிறுத்திருச்சு, அப்படியே மெதந்தாரு. ரப்பர் சட்டை தூக்கிப் பிடிச்சுக்குச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன். கை தானா அவரு வயித்துக்கடியில போய் நின்னுச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு. முப்பத்தஞ்சு வருசப் பழக்கம், சனியன், கோவம் வந்தாலும் போறதில்ல.

ரப்பர் படகுல ஏணி போட்டுத் தூக்கி விட்டாங்க. குழாயைத் துப்பினதும் அவரு போட்ட சத்தம் இருக்கே. "கோதை! பாத்தியா? வளையத்தை விட்டுட்டேன்! ரெண்டு நிமிசம்! ஹிமெனா எண்ணியிருக்கா, ரெண்டு நிமிசம்!" அறுபத்தொரு வயசு மூஞ்சில மாஸ்க் தடம் பதிஞ்சு, பல்லெல்லாம் தெரிய, பல்லு தந்தியடிக்க அடிக்கச் சிரிக்கறாரு. படகுல இருந்த வெள்ளைக்காரங்க கை தட்டுனாங்க. இப்படி ஒரு சிரிப்பை இந்த மனுசன் மூஞ்சில நான் பாத்ததே இல்ல. துண்டை எடுத்து அவரு தோள்ல போத்தி விட்டேன். படகுல எங்க பேச்சுப் புரியற ஆளு வேற யாரும் இல்ல. "ஏனுங்க"ன்னேன். "சென்னி கை எப்படி இருந்துச்சுங்க?" சிரிப்பு ஒதட்டுலயே நின்னுச்சு. "இப்ப எதுக்கு அது?"ன்னாரு. "சும்மாதான். தண்ணிக்குள்ள இருக்கறப்ப நெனப்பு வந்துச்சு. சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க." இதுக்கு மேல ஒரு பொம்பளை எப்படிக் கதவைத் தொறந்து வெக்கறது? அவரு என்னைப் பாத்தாரு. ஒரு நொடி, ஒரே நொடி, சொல்லிருவாருன்னு நெனச்சேன். அப்புறம் கறுப்புப் பாறைப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. துண்டால மூஞ்சியத் தொடச்சாரு. "மூணாவது முழுக்குல கை சிக்குச்சு. ஒரு தடவை இறுக்கிப் பிடிச்சான். அப்புறம் நழுவிருச்சு"ன்னாரு. அதே வார்த்தை, அதே வரிசை. "சரிங்க"ன்னேன்.

மோட்டார் போட்டுப் பெரிய படகுக்குத் திரும்பிட்டிருக்கோம். அவரு கை என் மடிமேல கெடக்கு, தண்ணில ஊறி வெரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி. சென்னி போன ஆடி இருபத்திரெண்டுக்கு இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. அதுக்குள்ள ஊரு போய்ச் சேர்ந்துருவோம். படையல் போடுவோம், காக்காய்க்கு வெப்போம், அவரு அம்மாவுக்கு எதுத்தாப்பல போய் உக்காருவாரு. அம்மா ரெண்டு கையையும் முன்னால நீட்டுவா. கண்ணு போனதுலேர்ந்து அவளுக்கு இவரு கை எங்க இருக்குன்னு தெரியறதில்ல, வெறும் காத்துல தடவிக்கிட்டே இருப்பா. ரெண்டு வருசமா அந்தக் கையை எடுத்து அவ கையில வெக்கறது நான்தான். இந்த வருசமும் நான்தான் வெக்கணும்.